பி.எம். கிசானும் பயிர்க் காப்பீடும்: ஊர்ப் பட்டியலை எடுப்பது, படிப்பது, கேள்வி கேட்பது

விவசாய உதவித்தொகை யாருக்குப் போகிறது என்பது ரகசியம் இல்லை. தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 4(1)(பி)-யின் 12-ஆவது உட்பிரிவுப்படி, மானியத் திட்டங்களின் பயனாளிகள் விவரத்தை அலுவலகமே முன்வந்து வெளியிட வேண்டும்.

மத்திய அரசின் விவசாயி உதவித்தொகைத் திட்டமான பி.எம். கிசானின் இணையதளத்தில் பயனாளிகள் பட்டியலைத் திறந்தால் மாநிலம், மாவட்டம், வட்டம், ஒன்றியம், கிராமம் என்று வரிசையாகக் கேட்கும். இராமநாதபுரத்துக்காரர்கள் தடுமாறுவது வட்டத்தில்தான். திருப்புல்லாணி, மண்டபம், போகலூர், நயினார்கோவில் ஆகியவை ஒன்றியங்கள். வட்டத்தில் தேடினால் கிடைக்காது. கீழக்கரை வட்டம், அந்தப் பெயரில் ஒன்றியம் கிடையாது. கிராமம் என்பது வருவாய்க் கிராமம். குடியிருப்பின் பெயரைத் தேடாமல் சிட்டாவில் உள்ள கிராமப் பெயரைத் தேடுங்கள்.

பட்டியலில் பெயரும் ஆணா பெண்ணா என்பதும்தான் இருக்கும். தகப்பனார் பெயர், புல எண் இருக்காது. ஒரே ஊரில் நாலு முருகேசன் இருப்பார்கள். ஆகவே இதை மட்டும் வைத்து யார் மீதும் பழி சொல்லாதீர்கள்.

தகுதி என்ன? 1.2.2019 அன்று நிலம் தன் பெயரில் இருந்திருக்க வேண்டும். அதன்பின் வாரிசாகக் கிடைத்த நிலத்துக்கு விலக்கு உண்டு. கணவன், மனைவி, மைனர் பிள்ளைகள் சேர்ந்து ஒரே குடும்பம், ஆண்டுக்கு 6,000 ரூபாய். இருவரும் தனித்தனியே வாங்கினால் தவறு. வருமான வரி கட்டியவர், கடைநிலை ஊழியர் தவிர்த்த அரசு ஊழியர், மாதம் 10,000 ரூபாயோ அதற்கு மேலோ ஓய்வூதியம் பெறுபவர் சேர முடியாது. கோயில் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கும் கிடைக்காது. உழைப்பவனை விட்டுவிடும் இந்த விதி எங்களுக்கு நியாயமாகப் படவில்லை. 2020-இல் தமிழகத்தில் தகுதியற்ற லட்சக்கணக்கானோர் சேர்க்கப்பட்டது வெளிவந்தது. அதிகாரிகளின் கடவுச்சொல் வெளியாட்கள் கைக்குப் போனதே வழி. ஊர்க்காரர்கள் பட்டியலைப் பார்க்க வேண்டிய அவசியம் அதனால்தான்.

உங்கள் பணம் நின்றிருந்தால் அதே இணையதளத்தின் நிலைப் பக்கத்தில் மூன்றைப் பாருங்கள். நில இணைப்பு 'இல்லை' என்றால் பட்டாவோடு வேளாண்மை விரிவாக்க மையம் போங்கள். பட்டா இறந்த தாத்தா பெயரில் இருந்தால் முதலில் அதை மாற்றுங்கள். ஆதார் இணைப்பு வங்கி வேலை. கடைசியாக ஆதார் இணைத்த கணக்குக்கே பணம் போகும், 'வரவில்லை' என்ற பணம் பல நேரம் அங்கேதான் கிடக்கும். மூன்றாவது இ-கேஒய்சி, அதாவது ஆதார் மூலம் ஆளைச் சரிபார்ப்பது. உப்பளத்தில் விரல் ரேகை தேய்ந்தவர்கள் பி.எம். கிசான் செயலியில் முகம் காட்டி முடிக்கலாம்.

பயிர்க் காப்பீட்டில்தான் சண்டை அதிகம். பக்கத்து ஊருக்கு வந்தது நமக்கு ஏன் வரவில்லை? நெல் மகசூல் குறைவுக்கான இழப்பீடு உங்கள் வயலைப் பார்த்து வருவதில்லை. வருவாய்க் கிராமத்தின் பயிர் அறுவடைப் பரிசோதனை, அதாவது சில வயல்களில் அறுத்து எடை பார்ப்பது, அதன் சராசரியைப் பார்த்து வருகிறது. காப்பீட்டில் உங்கள் ஊருக்கு நிர்ணயித்த உத்தரவாத மகசூல் 600 கிலோ, சராசரி 420 என்று வைத்துக்கொண்டால் குறைவு 180. காப்பீட்டுத் தொகையில் 30 சதவீதம் கிடைக்கும். கண்மாய்ப் பாசன வயலில் பரிசோதனை நடந்தால், காய்ந்துபோன மானாவாரிக்காரருக்கும் அந்தச் சராசரிதான். எனவே பயனாளிகள் பட்டியலோடு நிற்காமல், பரிசோதனை நடந்த தேதி, புல எண், கிடைத்த எடை மூன்றையும் கேளுங்கள்.

இதைக் கேட்கும் தகவல் உரிமை மனுவை வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு எழுதி, 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, ஒப்புகையோடு விரைவுத் தபாலில் (ஸ்பீடு போஸ்ட்) அனுப்புங்கள். கிராமம், பயிர், ஆண்டு மூன்றையும் குறிப்பிடுங்கள். 'எல்லா விவரமும்' என்று எழுதினால் பதில் இழுபடும். ஆதார், வங்கிக் கணக்கு, தொலைபேசி எண்களைக் கேட்காதீர்கள். 'தனிநபர் விவரம்' என்று மறுக்க நீங்களே இடம் கொடுப்பதாகிவிடும். அப்படியும் மறுத்தால், மேலே சொன்ன 12-ஆவது உட்பிரிவையும், பொது நலனைச் சொல்லும் அதே சட்டத்தின் பிரிவு 8(2)-ஐயும் காட்டி மேல்முறையீடு செய்யுங்கள். பதிலுக்குக் கெடு 30 நாள். முதல் மேல்முறையீட்டுக்கு அடுத்த 30 நாள். அதன்பின் மாநிலத் தகவல் ஆணையத்துக்கு 90 நாள்.

கிடைத்த நகலை ஆட்சியர் அலுவலகத்தின் மாதாந்திர விவசாயிகள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குக் கொண்டுபோங்கள். வாய்மொழியாகச் சொல்லிவிட்டு வராமல் எழுத்தில் கொடுத்து, மனு எண்ணோடு ரசீது வாங்குங்கள்.