லெமிங்டன் ஸ்பா: பெயர்க்காரணம் சொல்லும்போது சறுக்கும் இடங்கள்

இங்கிலாந்தின் வாரிக்‌ஷர் பகுதியில் ராயல் லெமிங்டன் ஸ்பா என்று ஓர் ஊர். பெயரைக் கேட்டதும் ஒரு கதை தோன்றிவிடும்: யாரோ ஒரு ராஜா ஊற்றில் குளித்தார், நோய் தீர்ந்தது, மகிழ்ந்துபோய் பெயர் வைத்தார். அப்படி எதுவும் நடக்கவில்லை. இது ஒரே நாளில் வைத்த பெயரே இல்லை. வேறு வேறு காலத்துத் துண்டுகளை ஒட்டுப்போட்ட பெயர்.

முதலில் உச்சரிப்பு. ஆங்கில எழுத்தைப் பார்த்து 'லீமிங்டன்' என்று படித்துவிடுவோம். 'லெமிங்டன்' என்பதே சரி. ஊர் வழியே ஓடும் ஆற்றின் பெயர் லெம். அது ஆங்கிலத்துக்கும் முந்தைய கெல்டிக் சொல். 'டன்' என்றால் பழைய ஆங்கிலத்தில் பண்ணை, குடியிருப்பு. ஆக, லெம் ஆற்றங்கரைக் குடியிருப்பு. 'இங்டன்' என்று முடியும் ஊர்களில் பல ஒரு குலத்தலைவன் பெயரால் அமைந்தவை என்பதால், இங்கேயும் ஒரு தலைவனைத் தேடுகிறவர்கள் உண்டு. தேட வேண்டாம், ஆறுதான் விடை. 1086-இல் எடுத்த டூம்ஸ்டே நிலக்கணக்கிலேயே ஊர்ப்பெயர் இருக்கிறது.

பலரும் விட்டுவிடும் துண்டு ஒன்று உண்டு. அது இப்போது பெயரில் இல்லை என்பதால் கண்ணில் படுவதில்லை. பல நூற்றாண்டுகள் இது 'லெமிங்டன் பிரையர்ஸ்'. அதே ஆற்றின் மேல்பக்கம் இன்னொரு லெமிங்டன் இருந்தது, இன்றும் இருக்கிறது. அது ஹேஸ்டிங்ஸ் குடும்பத்தின் கையில் இருந்ததால் லெமிங்டன் ஹேஸ்டிங்ஸ். நம் லெமிங்டனோ கெனில்வொர்த் மடத்துக்குச் சொந்தமாக இருந்தது. அந்த மடத்துத் துறவிகளைக் குறிப்பதுதான் பிரையர்ஸ். எந்த லெமிங்டன் என்று கேட்டால் சொல்ல ஓர் அடையாளம் வேண்டுமே!

அப்புறம் ஸ்பா. 'நீரால் நலம்' என்று பொருள்படும் 'சாலுஸ் பெர் ஆக்வாம்' என்ற லத்தீன் தொடரின் முதலெழுத்துகள்தான் ஸ்பா என்று அடித்துச் சொல்வார்கள். கேட்க அழகாக இருக்கிறது, ஆனால் பிற்காலத்தில் ஜோடித்த விளக்கம். ஸ்பா என்பது பெல்ஜியத்தில் உள்ள ஓர் ஊர். அதன் ஊற்றுநீர் புகழ்பெற்றதால் ஊர்ப்பெயரே பொதுச்சொல்லாகிவிட்டது. மசாஜ் கடைப் பலகையில் தொங்குவதும் அதே ஊர்தான்.

லெமிங்டனில் உப்பு ஊற்று ஒன்று முன்பே தெரிந்திருந்தது. 1784-இல் வில்லியம் அபட்ஸ், பெஞ்சமின் சாட்ச்வெல் என்ற இருவர் இன்னொன்றைக் கண்டார்கள். ஒருவர் விடுதி நடத்தியவர், மற்றவர் செருப்புத் தைத்தபடி கவிதையும் எழுதியவர். 1786-இல் அபட்ஸ் குளியலறைகளைத் திறந்தார். குடித்தால் வயிற்றை இளக்கும் அந்தத் தண்ணீருக்குப் பணக்காரக் கூட்டம் திரண்டது. 1814-இல் ஊற்றுநீரைக் குடிக்கவும் அதில் குளிக்கவும் பம்ப் ரூம்ஸ் என்ற கட்டடம் வந்தது. கிராமம் நகரமானது.

கடைசியாக ராயல். இதைப் பழங்கால அரசர் யாருக்காவது எழுதிவைப்பது தவறு. விக்டோரியா 1830-இல், 11 வயது இளவரசியாக இங்கே வந்தவர். அரசியான மறுவருடம், 1838-இல், 'ராயல்' அடைமொழியைக் கொடுத்தார். பிரையர்ஸ் போய் ஸ்பா நிலைத்ததும் அப்போதுதான். இவ்வளவு அலங்காரம் சேர்ந்த பெயரை ஊர்க்காரர்கள் பேச்சில் சுருக்கி, வெறும் 'லெம்' என்கிறார்கள்.