வாடகை வீட்டைக் காலி செய்யுமுன்: எண்ணெய்ப் பிசுக்கும் விளக்குக் கரியும் போகும் வழி

கோலாலம்பூரில் வாடகைக்கு வீடு எடுக்கும்போது பெரும்பாலும் இரண்டு மாத வாடகையை வைப்புத் தொகையாகவும், அரை மாத வாடகையை மின்சார, தண்ணீர்க் கட்டணத்துக்கான வைப்புத் தொகையாகவும் கட்டியிருப்போம். வாடகை 1,400 ரிங்கிட் என்றால் மொத்தம் 3,500 ரிங்கிட் வீட்டுக்காரரிடம் இருக்கிறது. அதில் ஒரு சென்கூடக் குறையாமல் திரும்ப வர வேண்டும் என்பதற்காகத்தான் இவ்வளவையும் எழுதுகிறேன்.

செந்தூலில் நான்கு வருடம் குடியிருந்த வீட்டை விட்டபோது தரையைக் கண்ணாடி மாதிரி துடைத்து வைத்திருந்தேன். வீட்டுக்காரம்மா தரையைப் பார்க்கவே இல்லை. நேரே சமையலறைக்குப் போய், நாற்காலி மேல் ஏறி, அலமாரியின் மேல்பக்கத்தில் விரலை வைத்து இழுத்தார். பழுப்பாக, பசை மாதிரி விரலோடு வந்தது. “என்னம்மா, இங்கே கையே வைக்கலையா?” என்றார். வைப்புத் தொகையில் 350 ரிங்கிட் பிடித்துக்கொண்டார்.

அன்றைக்குப் புரிந்தது இதுதான். நம் வீடுகளில் காசு பிடிக்க வைக்கும் அழுக்கு தாளிப்பு எண்ணெய், மஞ்சள் கறை, சாமி மேடைக் கரி ஆகிய மூன்றும்தான். உங்கள் நேரத்தில் பாதியை இவற்றுக்குக் கொடுங்கள். இன்னொன்று, எதையும் உடனே தேய்க்க வேண்டாம். உளுந்து ஊறாமல் மாவாட்ட மாட்டோமே, அதே மாதிரி அழுக்கும் ஊற வேண்டும். ஊறினால் துணியால் துடைத்தாலே வந்துவிடும். ஊறாமல் தேய்த்தால் கை வலிக்கும், பெயிண்ட்டும் போகும்.

படி 1: பத்து நாளுக்கு முன்பே

வீட்டுக்குள் வந்த நாளில் எடுத்த படங்களைத் தேடி எடுங்கள். அன்றைக்கே இருந்த விரிசலையும் கறையையும் நீங்கள் துடைக்க வேண்டியதில்லை. அப்புறம் ஒப்பந்தத்தைப் படியுங்கள். ஏர்கோன் சர்வீஸ் செய்து ரசீது தர வேண்டும் என்று பல ஒப்பந்தங்களில் இருக்கும். அப்படி இருந்தால் ஆளை இப்போதே கூப்பிடுங்கள், கடைசி வாரத்தில் கிடைக்க மாட்டார்.

பழைய மெத்தை, உடைந்த மேசை எல்லாம் முதலில் வெளியேறட்டும். கோலாலம்பூரில் தரை வீடுகளுக்கு வாரத்தில் இரண்டு நாள் சாதாரணக் குப்பை, ஒரு நாள் மறுசுழற்சிப் பொருள்களும் பெரிய சாமான்களும் என்று லாரி வரும். அடுக்குமாடி என்றால் நிர்வாக அலுவலகத்தில் கேட்டு, அவர்கள் சொல்லும் இடத்தில் வையுங்கள். படிக்கட்டில் விட்டுவிட்டுப் போக வேண்டாம்.

படி 2: வாங்க வேண்டியவை

பாத்திரம் கழுவும் சோப்பு, ஆப்பசோடா, வெள்ளை வினிகர், கிளோராக்ஸ் என்ற வெளுப்புத் திரவம், ரப்பர் கையுறை, பழைய பனியன் துணி, பல் துலக்கும் பழைய பிரஷ் இரண்டு, சாலைக் கட்டணம் கட்டும் டச் என் கோ அட்டை காலாவதியானது ஒன்று. இவ்வளவு போதும். மளிகைக் கடையிலும் மிஸ்டர் டிஐஒய் கடையிலும் எல்லாம் கிடைக்கும். விலை உயர்ந்த தெளிப்பான்கள் தேவையில்லை.

ஒன்று மட்டும் மனதில் இருக்கட்டும். கிளோராக்ஸையும் வினிகரையும் ஒன்றாகக் கலக்காதீர்கள், ஒன்றைப் போட்ட இடத்தில் உடனே மற்றதைப் போடவும் வேண்டாம். குளோரின் வாயு கிளம்பும். காற்று போகாத சிறிய குளியலறையில் அது நுரையீரலைக் காயப்படுத்தும். கழிப்பறை கழுவும் அமிலத் திரவத்தோடு சேர்ந்தாலும் இதேதான். இன்று வினிகர், நாளை கிளோராக்ஸ் என்று நாளைப் பிரித்துக்கொள்ளுங்கள்.

படி 3: சமையலறை

அலமாரியின் மேல்பக்கத்தில் தொடங்குங்கள். அங்கே இருப்பது வெறும் தூசி இல்லை, எண்ணெய் ஆவியும் தூசியும் சேர்ந்து இறுகிய பிசின். வெந்நீரில் சோப்பு கலந்து, பழைய நாளிதழ்த் தாளை நனைத்து அதன் மேல் விரித்துவிடுங்கள். இருபது நிமிடம் அப்படியே இருக்கட்டும். பிறகு டச் என் கோ அட்டையின் விளிம்பால் வழித்தால் தோசைக்கல்லில் தோசை பெயர்வது மாதிரி சுருண்டு வரும். கத்தியால் சுரண்டக் கூடாது, பலகையின் மேல்பூச்சு கீறிவிடும்.

புகை உறிஞ்சியின் வலையைக் கழற்றி, சோப்பும் ஆப்பசோடாவும் கலந்த வெந்நீரில் போடுங்கள். அலுமினிய வலையாக இருந்தால் கால் மணி நேரத்துக்கு மேல் விடாதீர்கள், ஆப்பசோடா அலுமினியத்தைக் கறுக்க வைக்கும். துருப்பிடிக்காத எஃகு வலை கூடுதல் நேரம் ஊறினாலும் ஒன்றும் ஆகாது.

அடுப்புக்குப் பின்னால் உள்ள ஓட்டுச் சுவரில் ஆப்பசோடாவைத் தோசை மாவுப் பதத்துக்குக் குழைத்துப் பூசி, அரை மணி நேரம் கழித்துத் துடையுங்கள். எரிவாயுத் தோம்பு உங்களுடையது என்றால் முதலில் ரெகுலேட்டரை மூடிக் கழற்றி ஓரமாக வைத்துவிடுங்கள்.

இப்போது மஞ்சள் கறை. சமையல் மேடையில் சோப்போ ஆப்பசோடாவோ பட்டதும் மஞ்சள் சிவப்பாக மாறும். பயப்பட வேண்டாம். மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமம் ஆகிறதே, அதே வேலைதான் இது. மஞ்சளின் நிறம் எண்ணெயிலும் ஆல்கஹாலிலும் கரையும், தண்ணீரில் அவ்வளவாகக் கரையாது. எனவே முதலில் சோப்பால் எண்ணெயை எடுத்துவிட்டு, கை சானிடைசரைப் பஞ்சில் தொட்டு ஒற்றி எடுங்கள். பெயர்த்தெடுக்கக் கூடிய தட்டு, டப்பா, பலகையாக இருந்தால் நல்ல வெயிலில் இரண்டு நாள் வையுங்கள். மஞ்சளை வெயில் வெளுக்கும்.

படி 4: சாமி மேடை இருந்த சுவர்

இங்கேதான் பலர் தவறு செய்கிறார்கள். விளக்குக் கரியையும் ஊதுவத்திப் புகையையும் பார்த்ததும் ஈரத்துணியைப் போடுவார்கள். ஒரு முழம் அளவுக்கு இருந்த கரி ஒரு கதவு அளவுக்குப் பரவிவிடும். ஊறவைக்கும் விதிக்கு இது மட்டும் விலக்கு. முதலில் உலர்ந்த வேலை. மென்மையான பிரஷ்ஷால் மேலிருந்து கீழே தட்டி விடுங்கள். பிறகு வெள்ளை ரொட்டியின் உள்பகுதியை உருட்டி, சுவரில் அழுத்தி எடுங்கள். தேய்க்க வேண்டாம், ஒற்றுங்கள். ரொட்டி கறுக்கக் கறுக்க மாற்றிக்கொண்டே போங்கள். கரி வருவது நின்ற பிறகுதான் மிதமான சோப்புத் தண்ணீர். அதையும் கீழிருந்து மேலாகத் துடையுங்கள். மேலிருந்து வழியும் அழுக்குத் தண்ணீர் காய்ந்த சுவரில் கோடு போட்டுவிடும், நனைந்த சுவரில் போடாது.

அப்படியும் நிழல் தெரிந்தால் பெயிண்ட்தான் வழி. ஆனால் நேரே வெள்ளை அடித்தால் கரி மறுபடி மேலே தெரியும். கறையை மறைக்கும் அடிப்பூச்சு ஒரு கை, அதன் மேல் பெயிண்ட்.

நிலைப்படியில் ஒட்டிய கோலத்தாளையும் கதவில் தோரணத்துக்கு ஒட்டிய டேப்பையும் மறந்துவிடாதீர்கள். முடி உலர்த்தும் கருவியால் சூடு காட்டி ஓரத்திலிருந்து மெல்ல உரியுங்கள். மிச்சப் பசைக்குத் தேங்காய் எண்ணெய் தடவி, பத்து நிமிடம் விட்டு, சோப்புத் துணியால் துடைத்தால் போதும்.

படி 5: குளியலறை

கண்ணாடியிலும் குழாயிலும் வெளேரென்று படிந்திருப்பது பெரும்பாலும் சோப்புப் படிவு. வினிகர் நனைத்த துணியைச் சுற்றி அரை மணி நேரம் விடுங்கள். பழைய வீடுகளில் இருக்கும் பளிங்குக்கும், பளிங்குத் துகள் பதித்த மொசைக் தரைக்கும் வினிகர் ஆகாது, பளபளப்பை அரித்துவிடும். அங்கே சோப்பு மட்டும்.

நம் ஊர் ஈரக்காற்றில் சிலிக்கோன் ஓரமெல்லாம் கறுப்பாகப் பூஞ்சணம் பிடிக்கும். மறுநாள், ஜன்னலைத் திறந்து வைத்து, டிஷ்யூத் தாளைத் திரியாகத் திரித்து, தண்ணீர் கலந்த கிளோராக்ஸில் நனைத்து, அந்த ஓரத்தில் பதித்துவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இரண்டு மணி நேரம் கழித்து எடுத்துக் கழுவுங்கள்.

படி 6: மற்ற அறைகள், கடைசியாகத் தரை

ஒட்டடை, காற்றாடி இறக்கை, திரைச்சீலைக் கம்பி மேல் பல்லி எச்சம், ஜன்னல் பள்ளம், விளக்கு மூடிக்குள் செத்த ஈசல். மேலிருந்து கீழே ஒரு நாளில் முடிந்துவிடும். பூந்தொட்டித் தட்டுகளில் தேங்கிய தண்ணீரைக் கொட்டுங்கள், ஏடிஸ் கொசு அங்கேதான் முட்டையிடும். குளிர்பெட்டி வீட்டுக்காரருடையது என்றால் முந்தின இரவே அணைத்து, கதவைத் திறந்தே வையுங்கள். மூடினால் நாற்றம் பிடித்துவிடும். தரை எல்லாவற்றுக்கும் பிறகு, வாசலை நோக்கிப் பின்னால் நகர்ந்துகொண்டே.

படி 7: சாவி கொடுக்கும் நாள்

வீட்டுக்காரரைப் பகல் வெளிச்சத்தில் வரச் சொல்லுங்கள். அவர் வருமுன், பழைய படங்களை எடுத்த அதே இடங்களில் நின்று புதிதாகப் படம் எடுங்கள். அலமாரியின் மேல்பக்கத்தையும் சேர்த்து. தெனாகா மின்சார மீட்டர், தண்ணீர் மீட்டர் எண்களையும் எடுத்து, அன்றைக்கே வாட்ஸ்அப்பில் வீட்டுக்காரருக்கு அனுப்புங்கள். எத்தனை சாவி, எத்தனை நுழைவு அட்டை கொடுத்தீர்கள், வைப்புத் தொகை எந்தத் தேதிக்குள் வரும் என்பதையும் அதே செய்தியில் எழுதி, அவர் “சரி” என்று பதில் போடும் வரை வாசலில் நில்லுங்கள்.