அட்டை சொல்வதும் இழை சொல்வதும்: பியூப்லோ மூதாதையர் பொருள்களை ஆராய்வோர் தவிர்க்க வேண்டியவை

அமெரிக்கத் தென்மேற்கில் இன்றைய பியூப்லோ பழங்குடிகளின் மூதாதையர் விட்டுச்சென்ற பொருள்களில் கணிசமானவை 1890-களில் அவசரகதியில் தோண்டியெடுக்கப்பட்டவை. யூட்டா மாநிலத்தின் கிராண்ட் கல்ச் பள்ளத்தாக்கில் கிடைத்தவை நியூயார்க், சிகாகோ, பிலடெல்பியா என்று சிதறின. 1891-இல் கொலராடோவின் மெசா வெர்டேயில் எடுத்தவை பின்லாந்தின் ஹெல்சின்கிவரை போய்விட்டன. அதனால் பெட்டியோடு வரும் அட்டையை அப்படியே நம்பக் கூடாது. அதிலுள்ள ஆண்டு பொருள் அருங்காட்சியகத்துக்கு வந்த ஆண்டாக இருக்கலாம். பதிவேட்டு எண், தோண்டியவர் குறிப்பேடு, பொருளின் மேல் மையில் எழுதிய எண் மூன்றையும் ஒத்துப் பாருங்கள்.

துணியில் அதிகம் பிசகுவது நூலின் முறுக்கு. நூலை நிமிர்த்திப் பிடித்தால் இழைகளின் சாய்வு இசட் எழுத்தின் நடுக்கோடு போல இருக்கும், அல்லது எஸ் போல. தனி இழையின் முறுக்கையும் இழைகளைச் சேர்த்து முறுக்கியதையும் தனித்தனியே எழுதுங்கள். நூலைத் தலைகீழாகத் திருப்பினாலும் முறுக்கு மாறாது. ஆனால் இடவலமாகப் புரண்ட புகைப்படத்தில் மாறிவிடும். படத்தை மட்டும் பார்த்துக் குறிப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்கிறார்கள்.

வளர்ப்பு ஆட்டுக் கம்பளி தென்பட்டால் காலத்தைச் சந்தேகியுங்கள். அந்த ஆடுகள் ஸ்பானியரோடு 16-ஆம் நூற்றாண்டில்தான் வந்தன. அதற்கு முன் பருத்தி, யுக்கா என்ற பாலைச்செடியின் நார், நாய் மயிர், மனித மயிர், வான்கோழி இறகு. கயிற்றில் இறகு சுற்றிச் செய்த போர்வையில் இறகைப் பூச்சி தின்றுவிட்டால் வெறும் கயிறும் காம்பும்தான் மிஞ்சும். அதை வலை என்று எழுதிவிடாதீர்கள். யூட்டாவின் பிளாண்டிங் ஊர் அருங்காட்சியகத்திலுள்ள அப்படியொரு இறகுப் போர்வை 99 செ.மீ.க்கு 108 செ.மீ.தான். அதில் சுமார் 180 மீட்டர் யுக்கா கயிறும் 11,500 இறகுகளும் சென்றிருப்பதாக 2020-இல் கணக்கிட்டார்கள்.

பானையில் கோலத்தை மட்டும் பார்த்து வகை சொல்வது அரைகுறை வேலை. பத்து மடங்கு லென்ஸில் கோட்டின் ஓரத்தைப் பாருங்கள். செடிச்சாற்றில் செய்த கரி மை மண்ணுக்குள் ஊறியதால் ஓரம் மங்கலாக இருக்கும். இரும்புக் கனிம மை மேலேயே படிந்து ஓரம் கூர்மையாக நிற்கும். பிறகு உடைந்த விளிம்பில் களிமண்ணோடு கலந்தது மணலா, இடித்த பானை ஓடா, பாறைப் பொடியா என்று பாருங்கள். நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்குப் பானைகள் பலவற்றில் சுஸ்கா மலைப் பாறைப் பொடி இருப்பதால்தான் அவை வெளியிலிருந்து வந்தவை என்று தெரிந்தது. ஓட்டை அடைத்த பழைய சாந்தும் அதன்மேல் தீட்டிய சாயமும் புற ஊதா விளக்கில் பெரும்பாலும் காட்டிக்கொடுத்துவிடும்.

பானையின் உள்பக்கத்தைக் கழுவவே வேண்டாம். சாக்கோவிலுள்ள பியூப்லோ பொனிட்டோ என்ற பெரிய கட்டடத்தின் பானை ஓடுகளில் கொக்கோவின் தடயம் 2009-இல் வெளியானது அந்த மிச்சத்திலிருந்துதான். பானையை வாய்விளிம்பில் பிடித்துத் தூக்காமல் அடியில் ஒரு கை கொடுங்கள். வழுக்கும் பருத்திக் கையுறைக்குப் பதில் நைட்ரைல் கையுறை போடுங்கள். பூச்சிக்காக முன்பு ஆர்செனிக் தூவிய பொருள்களைத் தொடும்போது உங்கள் கைக்கும் அதுவே காப்பு.

இவையெல்லாம் பெட்டி திறந்த பிறகுதான். புதைகுழிப் பொருள், புனிதப் பொருள் என்றால் ஹோப்பி, சூனி, அகோமா போன்ற உரிய வழித்தோன்றல் சமூகத்தின் முன் ஒப்புதல் இல்லாமல் ஆய்வுக்கே அனுமதியில்லை. பழங்குடிகளின் புதைகுழிப் பொருள்களையும் புனிதப் பொருள்களையும் திருப்பித் தருவதற்கான அமெரிக்காவின் 1990 சட்டத்தின் புதிய விதி 2024 ஜனவரியிலிருந்து அப்படித்தான். விண்ணப்பத்தைப் பயணச்சீட்டு வாங்குமுன் அனுப்புங்கள்.