ஓரங்களில் தொடங்குவோம்: பாலினமும் அடையாளமும் பேசும் அரூப ஓவியத்துக்கு ஒரு செய்முறை

பாலின அடையாளத்தை ஓவியமாக்க முயலும் பலர், ஒரு முகத்தை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு நீலமும் மறு பாதிக்கு ரோஜா நிறமும் பூசி முடித்துவிடுகிறார்கள். செய்தி உடனே விளங்கிவிடும். ஆனால் அதற்கு மேல் அந்தப் படத்தில் பார்க்க ஒன்றும் இருக்காது. அரூப ஓவியத்தில் உருவம் இல்லாததால், நிறங்களும் அவை ஒன்றையொன்று தொடும் ஓரங்களுமே எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும்.

12க்கு 16 அங்குல கேன்வாஸ் போர்டு, ஓர் அங்குலத் தட்டைத் தூரிகை, வண்ணம் கலக்கவும் சுரண்டவும் உதவும் மழுங்கிய பேலட் கத்தி, தண்ணீர் தெளிப்பான், பழைய பருத்தித் துணி ஆகியவை போதும். அக்ரிலிக் வண்ணங்களில் அல்ட்ராமரைன் நீலம், லெமன் மஞ்சள், கிரிம்சன் சிவப்பு, மஞ்சள் ஓக்கர் (மண் மஞ்சள்), பர்ன்ட் சியன்னா (செம்பழுப்பு), வெள்ளை ஆகிய ஆறையும் வாங்குங்கள். கறுப்பு தேவையில்லை, அல்ட்ராமரைனும் பர்ன்ட் சியன்னாவும் கலந்தால் அதைவிட உயிருள்ள இருள் கிடைக்கும். ‘ஸ்கின் கலர்’ என்று விற்கப்படும் குழாயையும் விட்டுவிடுங்கள்.

முதல் வேலை வீட்டுக்கு வெளியே இருக்கிறது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும், வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் சிகிச்சைக்கு வந்தவர்கள் நம் ஊர்க்காரர்களோடு கலந்து நடமாடுகிறார்கள். யாரையும் உற்றுப் பார்க்கவோ படம் எடுக்கவோ வேண்டாம். மனத்தில் தங்கிய நிறங்களை மட்டும் வீட்டுக்கு வந்து ஓர் அட்டையில் கலந்து பாருங்கள். ஓக்கர், சியன்னா, வெள்ளை, துளி நீலம் ஆகிய நான்கின் அளவை மாற்றிக்கொண்டே போனால் மனிதத் தோலின் நிறங்கள் வரிசையாக வெளிப்படும். உங்கள் புறங்கையையும் உள்ளங்கையையும் அருகருகே வைத்துப் பார்த்தால், ஒரே உடலுக்கே ஒரு கலவை போதாது என்பது தெரியும்.

அடுத்து, நிறங்களுக்கு நீங்களே பொருள் கொடுக்க வேண்டும். ஸ்வீடன் ஓவியர் ஹில்மா அஃப் கிளிண்ட் 1907இல் வரைந்த பெரும் ஓவியங்களில் நீலம் பெண்மையையும் மஞ்சள் ஆண்மையையும் பச்சை இரண்டின் கூடலையும் குறித்தன. நீலம் என்றால் ஆண் என்று நாம் இன்று எடுத்துக்கொள்வது வெறும் வழக்கமே. மோனிகா ஹெல்ம்ஸ் 1999இல் வடிவமைத்த இளநீலம், இளஞ்சிவப்பு, வெள்ளைப் பட்டைகள் கொண்ட மாறிய பாலினத்தவர் கொடி எனக்கு மிகுந்த மதிப்புக்குரியது. ஆயினும் அதை அப்படியே பின்னணியாக்கினால் உங்கள் ஓவியம் பேசுவதற்கு முன்பே கொடி பேசிவிடும்.

மேற்பரப்பு சொரசொரப்பாக இருக்கப் பாலாற்று மணலைப் பயன்படுத்தலாம். நன்கு கழுவி, உலர்த்தி, மாவுச் சல்லடையில் சலித்து, வெள்ளைப் பசையோடு குழைத்து, பலகையில் ஓரிரு இடங்களில் மட்டும் மெல்லப் பூசி ஒரு நாள் காயவிடுங்கள். பின்னர் அடிநிறமாக அடர்ந்த சியன்னாவைப் பலகை முழுவதும் பரப்பி, அதையும் முழுமையாக உலரவிடுங்கள்.

இனி ஓரங்கள். அர்த்தநாரீசுவரர் வடிவத்தில் வலப்பாதி சிவனும் இடப்பாதி உமையுமாக, நடுக்கோடு தெளிவாக இருக்கும்; கார்த்திகை தீபத்தன்று மாலை திருவண்ணாமலையில் சில நிமிடங்களே வெளிவரும் அந்த மூர்த்திக்காகக் கூட்டம் காத்திருப்பதை நம் பக்கத்தார் அறிவார்கள். ஆனால் தன்னைப் பாதிக்குப் பாதியாக உணராத மனிதர்களும் இருக்கிறார்கள். எனவே மூன்று விதமான ஓரங்களைப் பழகுங்கள். காகித நாடாவை ஒட்டி, அதன்மேல் பூசி உரித்தால் கூர்மையான ஓரம் கிடைக்கும். சமூகம் போட்ட கோட்டுக்கு அது பொருந்தும். உலர்ந்த தூரிகையில் சிறிதளவே வண்ணம் எடுத்து மணற்பரப்பின்மேல் இழுத்தால் உடைந்த ஓரம் வரும். இரண்டு நிறங்களும் ஈரமாக இருக்கும்போதே ஓரத்தில் தூரிகையை முன்னும் பின்னும் ஓட்டினால், ஒன்று எங்கே முடிந்து மற்றொன்று எங்கே தொடங்குகிறது என்று சொல்ல முடியாத ஓரம் உருவாகும். நீலமும் மஞ்சளும் சந்திக்கும் இடத்தில் ஒரே பச்சை வராது. நீலம் மிகுந்த பச்சையிலிருந்து மஞ்சளுக்கு நெருங்கிய பச்சை வரை பல பச்சைகள் வரும், அவற்றைத் தேய்த்து ஒன்றாக்கிவிடாதீர்கள்.

வேலூர் வெயிலில் அக்ரிலிக் நிமிடங்களில் இறுகிவிடுவதால், இந்த மூன்றாவது ஓரத்தை விடியற்காலையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அடிக்கடி தண்ணீர் தெளித்துக்கொண்டு செய்வது நல்லது. வண்ணத்தட்டின் அடியில் நனைத்த துணியை விரித்து வையுங்கள்.

மேலடுக்கு பாதி உலர்ந்திருக்கும்போது பேலட் கத்தியின் விளிம்பால் சுரண்டினால், கீழே இருக்கும் சியன்னா மெல்லிய கோடுகளாக வெளியே வரும். வீட்டில் ஒரு பெயரும் வெளியில் இன்னொரு பெயருமாக ஆண்டுக்கணக்கில் வாழ்ந்த திருநங்கையர், திருநம்பியரின் அனுபவத்துக்கு இதைவிடப் பொருத்தமான உத்தியை நான் அறியேன். எவ்வளவு வெளிக்காட்டுவது என்பதை அவசரமின்றித் தீர்மானியுங்கள். சுரண்டியதை மீண்டும் மூடலாம், ஆனால் மூடியது மூடியதாகவே தெரியும்.

தெரிந்த ஒருவரின் வாழ்க்கையிலிருந்து ஓவியம் பிறந்திருந்தால், பொதுவில் வைப்பதற்கு முன் அவரிடம் காட்டி இசைவு பெறுங்கள். அவர் வேண்டாம் என்றால் அது உங்கள் வீட்டிலேயே இருக்கட்டும். சில நாட்கள் உலர்ந்தபின் வார்னிஷ் ஒரு கை பூசி, பலகையின் பின்புறம் தேதியையும் பயன்படுத்திய கலவைகளையும் எழுதி வையுங்கள். அடுத்த ஓவியத்துக்கு அந்த அளவுகள் தேவைப்படும்.