கொழும்பில் இலத்திரனியல் கழிவைத் தரம் பிரித்து அனுப்பும் முறை

முதலில் அனுமதிப்பத்திரம். 2008ஆம் ஆண்டின் 1534/18 இலக்க வர்த்தமானியின்படி இந்தக் கழிவைச் சேகரிக்க, ஏற்றிச் செல்ல, களஞ்சியப்படுத்த, மீள்சுழற்சி செய்ய மத்திய சுற்றாடல் அதிகார சபையின் அனுமதி வேண்டும். சரக்கு வாங்குபவரிடமும் பிரதி கேளுங்கள். காலாவதித் திகதியையும் எந்த வேலைக்கான அனுமதி என்பதையும் வாசித்துப் பாருங்கள். சேகரிப்புக்கு மட்டும் அனுமதி பெற்றவர் உடைத்துப் பிரிக்க முடியாது.

கொலன்னாவ, வெல்லம்பிட்டிய பக்கம் வாடகை குறைவென்று களஞ்சியம் எடுப்பவர்கள் 2016 மே வெள்ளம் எவ்வளவு உயரம் ஏறியது என்று அயலில் விசாரித்துவிட்டு எடுக்கட்டும். நனைந்த பற்றரியும் ஈய நீரும் களனி கங்கைக்குத்தான் போகும்.

லொறி வந்ததும் சரக்கை நிறுத்து எடையை எழுதுங்கள். அடுத்த வேலை பற்றரி கழற்றுவது. வேறெதையும் அதற்கு முன் தொடவேண்டாம். யூபிஎஸ்ஸில் இருப்பது பெரும்பாலும் 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி ஈயப் பற்றரி, ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்கு மேல் வரும். அமிலத்தை வடிகானில் ஊற்றாமல், நிமிர்த்தியபடி பிளாஸ்டிக் தட்டில் அடுக்குங்கள். மடிகணினி, போன் பற்றரிகள் லித்தியம். முனை ஒவ்வொன்றிலும் டேப் ஒட்டவேண்டும். சாக்கில் திருகாணிகளோடு சேர்த்துக் கட்டினால் முனைகள் உரசி, லொறியிலேயே தீப்பிடிக்கும். ஊதியதைக் குத்தவோ அழுத்தவோ கூடாது. காய்ந்த மணல் போட்ட இரும்பு வாளியில் கட்டடத்துக்கு வெளியே தனியாக வையுங்கள். மதர்போட்டில் உள்ள நாணய அளவு பற்றரியை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள்.

பழைய குழாய் ரீவியின் கழுத்தை அடித்து உடைத்துச் செம்புச் சுருளை எடுப்பதுதான் இந்தத் தொழிலின் மோசமான பழக்கம். உள்ளே வெற்றிடம், பின்பக்கக் கண்ணாடியில் ஈயம். முழுதாகவே அனுப்புங்கள். எல்ஈடி வருவதற்கு முந்திய தட்டைத் திரைகளின் பின்விளக்கில் பாதரசம் இருக்கிறது, அவையும் அப்படியே. வயரை எரித்தால் அதன் பிவிசி உறையிலிருந்து டயொக்சின் என்ற நச்சு கிளம்பும், செம்பும் கருகி விலை இறங்கும். கத்தியாலோ இயந்திரத்தாலோ உரித்தெடுங்கள்.

போர்ட்களை (மின்சுற்றுப் பலகைகளை) மூன்று சாக்காகப் பிரிக்கவேண்டும்: போன், சேர்வர் ஒன்று, கணினி மதர்போட் ஒன்று, ரீவி, பவர் சப்ளை போன்ற மண்ணிறப் போர்ட்கள் ஒன்று. கலந்த சாக்குக்குக் கடைசித் தரத்து விலைதான் கிடைக்கும். அலுமினிய வெப்பத் தகட்டையும் இரும்பையும் முன்கூட்டியே கழற்றுங்கள். வந்த எடையையும் பிரித்த எடையையும் மாலையில் ஒப்பிட்டு, 100 கிலோவில் 2 கிலோவுக்கு மேல் குறைந்தால் அன்றைக்கே தேடவேண்டும். பெரும்பாலும் கணினியின் ரம் நினைவகமும் புரோசசரும்தான் காணாமல் போயிருக்கும்.

போர்ட்களை உருக்க வெளிநாட்டு ஆலைக்குத்தான் அனுப்பவேண்டும். 2025 ஜனவரி 1 முதல் நாடுகளுக்கிடையே கழிவு அனுப்புவதைக் கட்டுப்படுத்தும் பாசல் உடன்படிக்கையின் கீழ் அபாயமற்ற இலத்திரனியல் கழிவுக்கும் பெறும் நாட்டின் முன் ஒப்புதல் தேவை, கப்பல் கடந்து செல்லும் நாடுகளுடையதும் உட்பட. மாதக்கணக்கில் எடுக்கும் என்பதால், அரைக் கொள்கலன் சேர்ந்ததுமே விண்ணப்பத்தைப் போட்டுவிடுங்கள்.