பெரியவர்களின் பள்ளிக்கூட நினைவுகளைக் கேட்டு எழுதுவது எப்படி

மேலூர்ப் பக்கம் 31 வருடம் ஆசிரியையாக இருந்தேன். ஓய்வுக்கு அப்புறம், சுற்றுக் கிராமங்களில் எண்பது கடந்தவர்களிடம் அவர்கள் படித்த கதையைக் கேட்டு எழுதிவருகிறேன். நீங்களும் செய்யுங்கள், தள்ளிப்போடாதீர்கள்.

"அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் எப்படி இருந்துச்சு?" என்று ஆரம்பிக்காதீர்கள். "நல்லாத்தான் இருந்துச்சு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். கையில் ஏதாவது பொருளோடு போங்கள். நான் முறத்தில் மணலைப் பரப்பி முன்னால் வைத்து, "ஒரு 'அ' போடுங்க ஐயா" என்பேன். மணலில் விரல் பட்டதும் திண்ணைப் பள்ளி வந்துவிடும்: வாத்தியார் விரலைப் பிடித்து அழுத்தியது, நுனி எரிந்தது, வாத்தியாருக்குப் பதிலாகப் பிள்ளைகளை அடக்கிய மூத்த மாணவனான சட்டாம்பிள்ளை போட்ட அதட்டல். சிலேட்டில் படித்தவர் என்றால் நாலு கோவை இலை பறித்துப் போங்கள். சிலேட்டைத் துடைத்த இலை அது.

வாய்ப்பாடு சொல்ல ஆரம்பித்தால் குறுக்கே பேசவே கூடாது. ஒரு பெரியவர் கீழ்வாய் இலக்கம், அதாவது பழைய பின்ன வாய்ப்பாடு, சொல்லிக்கொண்டிருந்தார். மாகாணி பதினாறில் ஒன்று, முந்திரி 320இல் ஒன்று. அந்தக் கணக்கெல்லாம் அவருக்குப் பாட்டாகத்தான் மனதில் இருந்தது. நடுவில் நான் ஒரு சந்தேகம் கேட்டேன். நின்றுவிட்டார். மூன்று தரம் முதலிலிருந்து தொடங்கியும் வரவில்லை. இன்றும் அதற்காக வருந்துகிறேன். அனுமதி கேட்டு போனில் பதிவு செய்துகொள்ளுங்கள், சந்தேகத்தைக் கடைசியில் கேளுங்கள்.

வருடம் கேட்டால் பெரும்பாலும் சொல்லத் தெரியாது. "ஒரு வேளைதான் பள்ளிக்கூடமா?" என்று கேளுங்கள். ஆமாம் என்றால் ராஜாஜியின் திட்டம் நடந்த 1953, 54. மதியச் சோறு போட்டார்கள் என்றால் காமராஜர் காலம், 1956க்குப் பிந்தியது. மிட்டாய் வாங்கியது அணாவிலா, நயா பைசாவிலா என்று கேட்டால் 1957க்கு முன்னா பின்னா என்பது தெரிந்துவிடும்.

பெண்களிடம் "பள்ளிக்கூடம் போனீங்களா அப்பத்தா?" என்றால் "இல்லை" என்று எழுந்துவிடுவார்கள். "தம்பி தங்கச்சியை யார் தூக்கினது?" என்று கேளுங்கள். ஒரு அப்பத்தா தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டு பள்ளி வாசலில் நின்றே ஆத்திசூடி முழுவதையும் மனப்பாடம் செய்தவர். அவர் பெயர் எந்த வருகைப் பதிவேட்டிலும் இல்லை.

முடிந்தால் பேரப்பிள்ளையைக் கேட்கவிடுங்கள். அயர்லாந்தில் 1937 முதல் 1939 வரை அப்படித்தான் செய்தார்கள். சுமார் 5,000 பள்ளிகளில் கிட்டத்தட்ட 50,000 பிள்ளைகள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நோட்டில் எழுதினார்கள். வேலியோரத்திலும் கொட்டகையிலும் நடந்த பழைய பள்ளிகளின் கதைகள் அந்த நோட்டுகளில் இருக்கின்றன. அங்கே கிராமத்துப் பிள்ளைகள் கணப்பு மூட்ட, சதுப்பில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை ஆளுக்கொன்று பள்ளிக்குச் சுமந்த காலம் உண்டு. இங்கே ஒருவர் வாத்தியார் வீட்டுக்கு விறகு சுமந்த கதையை என்னிடம் சொல்லவில்லை, பக்கத்தில் உட்கார்ந்திருந்த பேத்தியிடம்தான் சொன்னார். பிள்ளைக்கு ஐந்து கேள்வி போதும்.

நோட்டின் தலைப்பில் ஊர், தேதி, சொன்னவர் வயது மூன்றையும் எழுதுங்கள். அவர் சொன்ன சொல்லை மாற்றாதீர்கள். அப்புறம், எழுதியதை அவருக்கு வாசித்துக் காட்டுங்கள். விறகு சுமந்தவருக்கு வாசித்தபோது, "சுள்ளின்னு எழுதும்மா, விறகு கனம். எனக்கு அப்ப ஏழு வயசு" என்றார்.