வீட்டுக் கிணற்றுக்குச் சோலார் பம்பு: டெல்டா வீடுகளுக்கு ஒரு வழிகாட்டி

மின்கட்டணம் குறையும் என்ற எண்ணத்தில் மட்டும் வீட்டுக் கிணற்றுக்குச் சோலார் பம்பு போட நினைப்பவர்கள், பணத்தை எடுப்பதற்கு முன் ஒரு சிறு கணக்கைப் பார்த்துவிடுவது நல்லது. ஐந்தாறு பேர் உள்ள வீட்டுக்கு, ஒன்றிரண்டு மாடுகளையும் சேர்த்து, நாளொன்றுக்கு 1000 லிட்டர் தண்ணீர் போதும். அதிக ஆழமில்லாத டெல்டா கிணற்றிலிருந்து அதை மாடித் தொட்டிக்கு ஏற்றக் கால் யூனிட் மின்சாரமே அதிகம். இரண்டு மாதத்துக்குச் சேர்த்தாலும் 15 யூனிட்டைத் தாண்டாது. வீடுகளுக்கு இரு மாதத்துக்கு 100 யூனிட் இலவசமாகக் கிடைக்கும் தமிழ்நாட்டில், இதனால் பெரிதாக எதுவும் மிச்சமாகப் போவதில்லை. இந்த அமைப்பின் தேவை வேறு. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த பிறகு, நாகை, திருவாரூர், தஞ்சை மாவட்டக் கிராமங்கள் பலவற்றுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. கிணறு நிறையத் தண்ணீர் கிடந்தும், அதைத் தொட்டிக்கு ஏற்ற வாடகை ஜெனரேட்டரைத் தேடி அலைய வேண்டியிருந்தது. அத்தகைய நாட்களை மனத்தில் வைத்தே அமைப்பைத் திட்டமிட வேண்டும்.

கூரையில் ஏற்கெனவே மானியத்தில் சோலார் வைத்திருப்பவர்களும் தங்களுக்கு இது வேண்டாம் என்று இருந்துவிடக் கூடாது. மின்வாரிய லைனோடு சேர்ந்து இயங்கும் அந்த அமைப்பு, லைனில் மின்சாரம் நின்றவுடன் தானும் நின்றுவிடும். கம்பத்தில் ஏறி வேலை பார்க்கும் ஊழியரின் உயிரைக் காக்கவே அப்படி வடிவமைத்திருக்கிறார்கள். பேட்டரியும் அதற்கேற்ற இன்வெர்ட்டரும் சேர்க்காதவரை, உச்சி வெயிலிலும் அதைக் கொண்டு மோட்டாரை ஓட்ட முடியாது.

முதல் வேலை கிணற்றை அளப்பது. மேட்டூர் அணையை வழக்கமாகத் திறக்கும் ஜூன் 12க்கு முன்பு, ஆறும் வாய்க்காலும் காய்ந்து கிடக்கும் வைகாசியில் அளந்தால்தான் உண்மை நிலை தெரியும். கார்த்திகையில் எட்டித் தொடும் உயரத்தில் நிற்கும் நீர்மட்டத்தை நம்பி வாங்கிய பம்பு கோடையில் காற்றைத்தான் இழுக்கும். கயிற்றின் நுனியில் கனமான இரும்பு நட்டு ஒன்றைக் கட்டி, அது அடிமண்ணைத் தொட்டுக் கயிறு தொய்யும்வரை இறக்குங்கள். தரைமட்டத்தில் கயிற்றில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு மேலே இழுத்தால், முடிச்சிலிருந்து காய்ந்திருக்கும் நீளம் நீர்மட்டம் வரையிலான ஆழத்தையும், நனைந்த நீளம் தண்ணீரின் அளவையும் காட்டிவிடும். பிறகு இருக்கும் மோட்டாரை அரை மணி நேரம் ஓடவிட்டு மறுபடி அளக்க வேண்டும். ஊற்று மெதுவாகச் சுரக்கும் உறைக்கிணறுகளில் இந்த இரண்டாவது அளவுதான் பம்பைத் தீர்மானிக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்க்கலாம். கோடை நீர்மட்டம் 23 அடி, ஓடும்போது இறங்குவது 6 அடி, தரையிலிருந்து தொட்டியின் வாய் 28 அடி, குழாயின் உராய்வுக்கும் வளைவுகளுக்கும் 8 அடி என்று வைத்தால் மொத்தம் 65 அடி, அதாவது ஏறத்தாழ 20 மீட்டர். 1000 லிட்டரை அந்த உயரத்துக்குத் தூக்க 55 வாட்-மணி ஆற்றல் போதும் (1000 வாட்-மணிதான் ஒரு யூனிட்). சிறிய பம்புகள் வாங்கும் மின்சாரத்தில் கால் பங்கையே தண்ணீரில் சேர்க்கின்றன என்று கொண்டால், 220 வாட்-மணி தேவை. 330 வாட் பேனல் ஒன்று நல்ல வெயில் நாளில் இதைப் போல நான்கு மடங்குக்கு மேல் தரும்.

இவ்வளவு குறைந்த தேவைக்குச் செலவு ஏன் ஏறுகிறது என்றால், பலரும் வீட்டில் இருக்கும் 1 எச்.பி. மோட்டாரையே சோலாரில் ஓட்டப் பார்க்கிறார்கள். அந்த மோட்டார் ஓடும்போது 1000 வாட் அளவில் எடுத்தாலும், கிளம்பும் நொடியில் அதைப் போலப் பல மடங்கு கரண்டை இழுக்கும். ஃபேனுக்கும் விளக்குக்கும் வாங்கிய இன்வெர்ட்டர் அதைத் தாங்காது; 3 கேவிஏ அளவிலாவது இன்வெர்ட்டரும், அதற்கேற்ற பேட்டரி வரிசையும் வேண்டும். பேட்டரிக்கு டிஸ்டில்டு வாட்டர் ஊற்றிப் பராமரித்தாலும் சில ஆண்டுகளில் மாற்றியே ஆக வேண்டும். என் கருத்தில், தண்ணீருக்காக மட்டும் பேட்டரி வாங்குவது வீண். பகலில் ஏற்றிய தண்ணீரைப் பெரிய தொட்டியில் நிறுத்திக்கொண்டால் இரவுக்கும் அதுவே போதும். 1000 லிட்டர் தொட்டி இருக்கும் இடத்தில் 2000 லிட்டர் தொட்டியை வைப்பது பேட்டரியைவிட மிகவும் மலிவு. நிறைந்தால் இரண்டு டன் கனம் என்பதால் அது சுவர் அல்லது பீமின் மேல் அமர வேண்டும். ஓட்டு வீடாக இருந்தால் தனி கான்கிரீட் மேடை கட்ட வேண்டும்.

ஆகவே வாங்க வேண்டியது, பேனல் தரும் மின்சாரத்தை மோட்டாருக்கேற்ப ஒழுங்குபடுத்தும் கன்ட்ரோலர் வழியாக நேரடியாக ஓடும், கார்பன் பிரஷ் இல்லாத அரை எச்.பி. டிசி (நேர்மின்சார) மோட்டார் பொருத்திய பம்பு. அது மெதுவாகக் கிளம்பி, வெயிலுக்கேற்ப வேகத்தைக் கூட்டிக் குறைத்துக்கொள்ளும். நம் எடுத்துக்காட்டில் ஓடும்போது நீர்மட்டம் 29 அடிக்கு இறங்குகிறது. மோட்டாரும் பம்பும் ஒன்றாக அமைந்து கிணற்றுக்கு மேலே வைக்கும் மோனோபிளாக் 23 அடிக்குக் கீழிருந்து நம்பகமாக உறிஞ்சாது என்பதால், தண்ணீருக்குள்ளேயே இறக்கும் நீர்மூழ்கி வகையே வேண்டும். இங்கே கடைக்காரர் சொல்லாமல் விடக்கூடிய ஒரு விஷயம் உண்டு. வெயில் பாதியாகக் குறைந்தால், சுழலும் சக்கரத்தால் தண்ணீரைத் தள்ளும் இத்தகைய சுழல்விசைப் பம்பின் வேகம் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்காகவும், அது தூக்கக்கூடிய உயரம் மூன்றில் இரண்டு பங்குக்குச் சற்றுக் கீழாகவும் இறங்கும். தேவை 20 மீட்டர் என்று 22 மீட்டர் பம்பை வாங்கியவர், மேகம் மூடிய ஐப்பசி நாளில் மோட்டார் ஓடும் சத்தத்தை மட்டுமே கேட்பார், தண்ணீர் ஏறாது. பெட்டியில் அதிகபட்ச உயரம் 35 மீட்டர் என்று போட்டிருக்கும் பம்பு, பாதி வெயிலிலும் 22 மீட்டர் தூக்கும். மழைக்காலத்தை உத்தேசித்தே பேனலும் ஒன்றுக்கு இரண்டாக வேண்டும்.

இரண்டு பேனல்களையும் தொடராக இணைத்தால், ஓடும்போது 76 வோல்ட் அளவிலும், சுமை இல்லாதபோது 92 வோல்ட் அளவிலும் நிற்கும். கன்ட்ரோலர் தாங்கும் உச்ச வோல்டேஜ் இந்த இரண்டாவது எண்ணைவிட நன்றாகக் கூடுதலாக இருக்க வேண்டும். 100 அடி தூரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு 3 சதவீதம் அளவில் நிற்கும். அதைவிட மெல்லிய வயர் வேண்டாம். டிசி மின்சாரத்தில் சுவிட்சைத் திறக்கும்போது எழும் தீப்பொறி எளிதில் அணையாது என்பதால், வீட்டுப் போர்டில் இருக்கும் சாதாரண எம்சிபியை (மின்சாரம் மிஞ்சினால் தானே அணையும் சுவிட்சை) இங்கே மாட்டவே கூடாது. டிசி என்று குறித்ததையே வாங்க வேண்டும். பேனல் சட்டத்துக்குத் தனி எர்த், இடியால் திடீரென ஏறும் வோல்டேஜை எர்த்துக்குத் திருப்பும் எஸ்பிடி, தொட்டி நிறைந்ததும் பம்பை நிறுத்தும் ஃப்ளோட் சுவிட்ச், கிணறு வற்றினால் பம்பை நிறுத்தும் சென்சார் ஆகியவையும் வேண்டும். கன்ட்ரோலரை வெள்ளம் எட்டாத உயரத்தில் பொருத்துங்கள்.

பேனல் தெற்கு நோக்கி 11 டிகிரி சாய்ந்திருந்தால் நம் பகுதிக்குப் பொருத்தம். ஒரு மீட்டர் நீளத்துக்கு 19 சென்டிமீட்டர் உயர்த்தினால் அந்தச் சாய்வு வந்துவிடும். இங்கே உண்மையான பகை தென்னை நிழல். மார்கழி உச்சிப் பொழுதில்கூட 60 அடி மரத்தின் நிழல் வடக்கே 40 அடி நீளும்; காலையிலும் மாலையிலும் இன்னும் நீளம். ஒரே ஒரு மட்டையின் நிழல் பேனலின் குறுக்கே விழுந்தால், அதிலுள்ள செல்கள் தொடராக இணைந்திருப்பதால், பேனலின் மூன்றில் ஒரு பகுதியாவது வேலை செய்யாமல் போகும். ஆகவே வெயிலை வைகாசியில் பார்த்து இடம் குறிக்காதீர்கள். மட்டை விழுந்தால் கண்ணாடியும் நொறுங்கும் என்பது இன்னொரு காரணம்.

வேதாரண்யம், நாகை போன்ற கடலோரப் பகுதிகளில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கும். பெரிய மோட்டார் வேகமாக இழுக்கும்போது அடியிலிருக்கும் உப்பு மேலேறிவிடும். நாள் முழுதும் மெதுவாக இறைக்கும் சிறு பம்பு அங்கே கிணற்றுக்கே நல்லது. பம்பின் உடலும் போல்ட்டுகளும் 316 தர ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாகவும், தாங்கும் சட்டம் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுத்ததாகவும் இருந்தால் உப்புக்காற்றைத் தாங்கும்.

பம்பை வயரில் தொங்கவிடாமல் நைலான் கயிற்றில் கட்டி, சேறு இழுக்காதபடி அடியிலிருந்து மூன்றடி மேலே நிறுத்துங்கள். புயல் எச்சரிக்கை வந்தால் தொட்டியை முழுக்க நிரப்பிவிட வேண்டும். வெறும் தொட்டியைக் காற்று எளிதில் தூக்கிவிடும். பிறகு டிசி சுவிட்சை அணைத்து, இணைப்பைக் கழற்றி, பேனல்களை இறக்கி வீட்டுக்குள் வைத்துவிடலாம். ஒன்று 22 கிலோ அளவில் இருப்பதால் இருவர் போதும். வெளிச்சம் படும் நேரமெல்லாம் பேனலில் வோல்டேஜ் இருந்துகொண்டே இருக்கும் என்பதால் இதை அந்தி சாய்ந்த பிறகு செய்வது பாதுகாப்பு.

எல்லாம் முடிந்ததும், மேகமில்லாத நாளின் உச்சி நேரத்தில் 20 லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி ஆகிறது என்று பார்த்து, கன்ட்ரோலர் பெட்டியின் உட்புறத்தில் எழுதி வையுங்கள். பின்னாளில் அதைவிட நேரம் கூடினால், முதலில் பேனலை விடியற்காலையில் கழுவுங்கள். கொதிக்கும் கண்ணாடியில் குளிர்ந்த நீரை ஊற்றக் கூடாது. அதற்கும் சரியாகாவிட்டால் வயர் இணைப்புகள் கருகியிருக்கின்றனவா என்றும், பிறகு குழாயில் கசிவு உண்டா என்றும் பாருங்கள். பம்பை மேலே தூக்கி அதன் சல்லடையைச் சுத்தம் செய்வது கடைசி வேலை.